கொஞ்சம் பிடிங்க

ரயில் பெட்டி வாசலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் ஏழு மாத மகள். முதுகில் பை, அதற்குள் துணிமணி, டயாப்பர், ஃபிளாஸ்க், கஞ்சி மாவு. முன்னால் ஸ்ட்ரோலர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம். அம்மாவுக்கு அந்த வாரம் கண்ணில் அறுவை சிகிச்சை. "பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு நீ அலைய வேண்டாம். நானே ஆட்டோவுல போயிட்டு வந்திருவேன்" என்று அம்மா போனில் சொன்ன பிறகுதான், போயே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கணவர் வேலையாக வெளியூரில் இருந்தார். தனியாகத்தான் கிளம்பினேன்.

நடைமேடை வரை சிரமமில்லை. வாசலில்தான் நின்றுபோனேன். நம் ரயில்களில், நடைமேடை உயர்த்திக் கட்டப்பட்ட நிலையங்களில்கூட, பெட்டியின் தரை அதற்கு மேலே ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் குறுகலான படிகள், இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி. கம்பிக்கு ஒரு கை வேண்டும். பிள்ளைக்கு ஒரு கை. ஸ்ட்ரோலரை மடக்க ஒரு கை, தூக்க இன்னொரு கை. வீட்டுக் கூடத்தில் ஒற்றைக் கையால் மடக்கிப் பழகியிருந்தேன். இங்கே பிள்ளை சிணுங்கி நெளிய, பின்னால் ஆட்கள் நெருக்க, மடக்கும் பொத்தானே கைக்குத் தட்டுப்படவில்லை.

"கொஞ்சம் பிடிங்க." இரண்டே சொற்கள். தொண்டை வரை வந்தன, அதற்கு மேல் வரவில்லை.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்ட ஒரு வாக்கியம் உண்டு: "யார்ட்டயும் போயி நிக்கக் கூடாது." அப்பா காலமான பிறகு, பள்ளிக்கூட வேலைக்குப் போய் இரண்டு பெண்களை ஆளாக்கியவள் அம்மா. எரிவாயு சிலிண்டரைத் தானே உருட்டி அடுப்படிக்குக் கொண்டுபோவாள். காய்ச்சல் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரசம் கொண்டுவந்தால், பாத்திரத்தை மறுநாளே கழுவி, உள்ளே எதையாவது வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த வைராக்கியத்தின் மேல்தான் எங்கள் வாழ்க்கை நின்றது. அதை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதன் இன்னொரு பக்கம் எனக்குள்ளேயே ஊறிக் கிடந்ததை அன்று அந்த வாசலில்தான் கண்டேன். ஸ்ட்ரோலர் வாங்கியதே அதற்காகத்தான். இது இருந்தால் பிள்ளையோடு எங்கும் தனியாகப் போய்வரலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ தம்பி, காதுல மாட்டியிருக்கத எடுத்துட்டு அந்த வண்டியப் புடி. பிள்ளக்காரி நிக்கால்ல. தாயி, நீ பிள்ளைய இங்க கொண்டா."

வாசலருகே நின்றிருந்த ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினார். மகள் அவரிடம் போய்விட்டாள். அந்த இளைஞர் ஸ்ட்ரோலரை மடக்காமலே பக்கவாட்டில் திருப்பித் தூக்கி உள்ளே வைத்தார். எல்லாம் முடிய அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

எனக்குக் கிடைத்திருந்தது நடுப்படுக்கை. நம் ரயிலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம். அதனால் தனிப் படுக்கையும் இல்லை. தாயின் படுக்கையே பிள்ளைக்கும். அது ஏறத்தாழ இரண்டடி அகலம். கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் மூத்த குடிமக்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை நினைவில் இருக்கும் தாய், அது வெளியே வந்து கையில் கனக்கத் தொடங்கியதும் எப்படி மறந்துபோகிறாள்?

இதையும் ஆச்சிதான் தீர்த்துவைத்தார். எதிர்க் கீழ்ப்படுக்கைக்காரரிடம், "ஐயா, நீங்க அந்த நடு பெர்த்துல ஏறிக்கிடுதீயளா? பச்சப்பிள்ளக்காரி" என்று கேட்டார். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். பிறகு ஆச்சி தன் பையிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை உருவி, எதிரெதிர் மேல்படுக்கைகளின் கம்பிகளில் கட்டித் தூளி போட்டார். முடிச்சைத் தன் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தார். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஸ்ட்ரோலர் மடங்கி, ஓரப் படுக்கையின் அடியில் யாருடைய பெட்டிக்கோ பக்கத்தில் கிடந்தது. மகள் தூளியில் தூங்கினாள். ரயில்தான் ஆட்டியது. நான் ஒரு கையைத் தூளியின் அடியில் வைத்தபடி விழித்துக் கிடந்தேன்.

விழுப்புரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை. அடியில் கிடந்த அந்த வண்டியைப் பற்றியே மனம் சுற்றியது. குடைபோல மடங்கும் தள்ளுவண்டியை 1965-ல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். மாஸ்கோவிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த அவருடைய மகள், அந்தக் காலத்துக் கனத்த வண்டியை வைத்துக்கொண்டு பயணம் செய்வதில் பட்ட பாட்டை அவரிடம் சொன்னாள். விமானத்துக்குப் பயன்படும் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் அவர் ஒரு வண்டியைச் செய்தார். அவருடைய திறமையைவிட அந்த மகள் வாய் திறந்து சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சமாளித்துக்கொள்கிறேன் என்று அவள் பேசாமல் இருந்திருந்தால், இன்று உலகெங்கும் தாய்மார்கள் மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு போகும் வண்டி எப்போது வந்திருக்குமோ.

நம் ரயிலிலும் ஒரு முயற்சி நடந்தது. 2022-ல் லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில் இரண்டு கீழ்ப்படுக்கைகளோடு குழந்தைப் படுக்கையை இணைத்துப் பார்த்தார்கள். 770 மில்லிமீட்டர் நீளம், 255 மில்லிமீட்டர் அகலம். வேண்டாதபோது மடக்கிக் கீழே தள்ளிவிடலாம். அது படுக்கையின் வெளி விளிம்பில் இருந்தது. தாய் எப்போதும் பிள்ளையைச் சுவர்ப் பக்கம் போட்டுத் தான் விளிம்பில் படுப்பவள். மேலே இருந்து எது விழுந்தாலும் முதலில் தன்மேல் விழட்டும் என்று கிடப்பவள். ஆனாலும் அந்தப் பலகையின் படத்தை முதன்முதல் பார்த்தபோது கண் கலங்கியது. பிள்ளை என்பது தாயோடு ஒட்டி வரும் சாமான் அல்ல, அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அன்று அந்த இளைஞர் அங்கே இல்லாமல் போயிருந்தால்? ஆச்சி வேறு பெட்டியில் ஏறியிருந்தால்? நம் ஊரில் கை கொடுக்க ஆள் இருப்பார்கள் என்பது உண்மை. என் அனுபவத்தில் பெரும்பாலும் இருந்திருக்கிறார்கள். அதையே காரணமாகக் காட்டிச் சாய்தளம் எதற்கு, மின்தூக்கி எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருணை நேரம் பார்த்து வரும். படி எப்போதும் அங்கேயே இருக்கும். 2015-ல் சென்னையில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதில் நடைமேடையும் பெட்டியின் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். முதல் தடவை மகளை ஸ்ட்ரோலரில் வைத்து அப்படியே உள்ளே உருட்டிப் போனபோது, யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தூக்கிச் சுமந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமதளமும் தானாக வந்ததல்ல. சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள் உலகெங்கும் பல பத்தாண்டுகளாகத் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று கேட்டதன் பலன் அது. சென்னையில் 2024-ல் தாழ்தளப் பேருந்துகள் சாலைக்கு வந்ததற்குப் பின்னாலும் மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம்வரை போய் நடத்திய போராட்டம் இருக்கிறது. அவர்கள் கேட்டது எனக்காக அல்ல. ஆனாலும் என் மகளின் வண்டி அவர்கள் போட்ட பாதையில்தான் உருண்டது. யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று அவர்களும் நினைத்திருந்தால், நான் இன்னும் ஒவ்வொரு வாசலிலும் நின்றுகொண்டிருப்பேன்.

கோவில்பட்டி வரும்போது வெளுத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு விரிந்து கிடந்தது. ஆச்சி மகளை மடியில் போட்டு விரலால் ஈறைத் தேய்த்துவிட்டார். மகனைப் பார்க்கச் சென்னைக்கும், வீட்டைப் பார்க்க ஊருக்குமாக அலைவது அவருக்கு வழக்கமாம். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. படி ஏற இறங்க முடியாது. எனக்குத் தடையாக நின்ற அதே அரை மீட்டர்தான் அவருக்கும்.

"ஒவ்வொரு தடவையும் யார்ட்டயாவது கேக்கணுமே, கூச்சமா இருக்காதா ஆச்சி?"

"கேட்டா என்ன தாயி, இல்லம்பாங்க. அம்புட்டுத்தான?" என்றார். "ஒருத்தன் இல்லன்னா அடுத்தவன் இருக்கான். நான் கேக்காம விட்டா, அவனுக்கு எப்படித் தெரியும், எனக்குக் கால் வலிக்குன்னு?"

எனக்கு அம்மா நினைவுக்கு வந்தாள். கண்ணில் திரை மூடிய பிறகும் ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல், தடவித் தடவிச் சமைத்திருக்கிறாள். எனக்குத் தெரியவந்ததே அவள் கையில் எண்ணெய் கொட்டிய பிறகுதான். கேட்காமல் இருந்தது அவளைக் காத்தது என்று இவ்வளவு காலம் நம்பியிருந்தேன். எங்களை அவளிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைத்தது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

திருநெல்வேலி வந்தது. இறங்குகையில் வாய் இந்தத் தடவை முந்திக்கொண்டது. "அண்ணே, இத கொஞ்சம் பிடிங்க." முன்பின் தெரியாத ஒருவர் வண்டியை வாங்கிக் கீழே வைத்தார். இன்னொருவர் ஆச்சியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மகள் என் இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். காலியாக நின்ற ஸ்ட்ரோலரை ஆச்சி ஒரு பார்வை பார்த்தார். "இது சும்மாத்தான வருது? என் பை ரெண்டையும் வச்சிக்கிடுதேன்" என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் ஒரு பையை இருக்கையில் வைத்தார். அடுத்ததைக் கால் வைக்கும் இடத்தில் வைத்தார். அது சரிந்து விழுந்தது. கையில் எடுத்துக்கொண்டார்.

வர வேண்டாம் என்று சொல்லியும் அம்மா நிலைய வாசலில் வந்து நின்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வண்டியில் பேத்தி இல்லாமல் பை இருப்பதை அருகில் வந்த பிறகே கண்டுகொண்டாள்.

"யாரு பை இது?"

"என்னுதுதான்" என்றார் ஆச்சி. "இன்னொண்ணு கைய இழுக்கு. ஆட்டோ வரைக்கும் இந்தப் பக்கத்தப் புடி தாயி."

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, விரல்களால் துழாவி, பையின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காது ஆச்சியின் கையில் இருந்தது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் படி அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை போலும். பையை விடாமலே, இன்னொரு கையை ஆச்சியின் தோளில் வைத்து இறங்கினாள்.