தொட்டில் கட்டும் மார்கழி

பிள்ளை பிறக்கும் முன் எதுவும் வாங்கக்கூடாது என்பது எங்கள் பெரியவர்களின் கட்டளை. தொட்டில் கூடாது, சட்டை கூடாது, பெயர் யோசிக்கவும் கூடாது. மகளுக்குத் தை முதற்கிழமையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அவசரப்படாத பிள்ளை, முகத்தைக் கண்ட பிறகு வாங்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனா. அந்நேரம் நாங்கள் விறாந்தையில் பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தோம். வைக்கோல் பரப்பி, ஆடு மாடு வைத்து, மாதாவையும் சூசையப்பரையும் நிறுத்தி, நடுவில் மட்டும் இடம் விட்டிருந்தோம். நத்தார் நள்ளிரவில்தான் பாலனை அங்கே வைப்போம். அவருக்கு இத்தனை நாள் முன்னதாகவே இடம் ஒழுங்குசெய்கிற நான், என் பேரப்பிள்ளைக்கு ஒரு தொட்டில் கட்டப் பயப்படுவது ஏன்?

ஆச்சியின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. 1930களில் இலங்கையில் 1 லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பிய குடும்பங்கள் சொல்லி வைத்த பாடம் அது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், அதன் வழியில் வீடு வீடாக நடந்த மருத்துவமாதுகளும்தான் அந்தக் கணக்கைப் படிப்படியாக இறக்கினார்கள். இன்று அது 30 அளவில் நிற்கிறது. எங்கள் ஒழுங்கைக்கும் மருத்துவமாது மிஸ்ஸி மழைக்கோட்டோடு வந்து மகளின் வயிற்றை அளந்து, இரும்புச்சத்துக் குளிசையைக் குடித்தாளா என்று கேட்டு, திரிபோஷாப் பைக்கற்றை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறா. செபிக்கும்போது அவவை நான் மறப்பதில்லை.

ஆனால் திருகோணமலைக் கரையோரத்துச் சல்லிக்காரரான எங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த ஞாயிறு என்பதால் திருச்சபைக்கு அது திருக்குடும்பத் திருவிழா. அந்த ஆண்டு அன்றைக்குக் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி வாசகம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரியாளும் சூசையும் எகிப்துக்கு ஓடிய பகுதி. அன்று காலையில்தான் கடல் எழும்பி சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று இந்தக் கரையை அடித்தது. மகள் அப்போது சின்னப்பிள்ளை. நானும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை.

பிறகு சிலர் என்னிடம், “உங்கட செபந்தான் உங்களைக் காப்பாத்தினது” என்றார்கள். அதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் செபித்தவர்கள்தானே. மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தவர்களும், முந்தின நாள் பூசை கண்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். மத்தேயு இதை மறைக்கவில்லை. பாலன் பிறந்த கதையோடு சேர்த்தே ஏரோது கொன்ற குழந்தைகளின் கதையையும் எழுதிவைத்தார். திருச்சபையும் மார்கழி 28இல் அந்த மாசில்லாக் குழந்தைகளை நினைக்கிறது. ஆகவே, விசுவாசம் இருந்தால் என் பேரப்பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது என்று நான் நம்பவில்லை. அப்படி ஒரு வாக்கை ஆண்டவர் எவருக்கும் கொடுத்ததாக நான் வாசித்ததும் இல்லை.

அப்படியென்றால் ஆயத்தம் எதற்கு? லூக்காவைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது ஒரு சின்ன விசயத்தில் நின்றுவிட்டேன். இடையர்களுக்கு வானதூதர் சொன்ன அடையாளத்தில் ஒளியில்லை, நட்சத்திரமில்லை. துணியில் சுற்றி, தீவனத் தொட்டியில் கிடத்திய குழந்தை, அவ்வளவுதான். ஊர் விட்டு ஊர் வந்து, தங்க இடமும் கிடைக்காத அந்த இரவில் துணி மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. மரியாளே நாசரேத்திலிருந்து மடித்துக் கொண்டுவந்திருப்பா என்றுதான் நான் நினைக்கிறேன். வழியில் என்ன நடக்கும் என்று அவவுக்கும் தெரியாது. தெரியாமலேதான் மடித்திருப்பா.

மார்கழி 12இல் குவாடலூப்பே மாதாவின் திருநாள். திருகோணமலைப் பட்டினத்தில் அந்த மாதாவின் பெயரில் ஒரு கோயில் உண்டு. மெக்சிக்கோவில் வணங்கப்படும் அந்தப் படத்தில் மாதா இடைக்கு மேலே கறுப்புக் கச்சை கட்டியிருக்கிறா. அது வயிற்றுப் பிள்ளைக்காரியின் கட்டு என்பார்கள். அன்று மகளோடு கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த கையோடு, என் பழைய நூல்சாறியை எடுத்து அலசி, வெயில் கண்ட நேரம் பார்த்துக் காயவைத்தேன். பாதியைத் தொட்டிலுக்கு வைத்துக்கொண்டு மீதியைச் சதுரமாகக் கிழித்தேன். இருபது வருடம் உடுத்த சாறி, பிள்ளையின் தோலுக்கு உறுத்தாது.

தொட்டில் தொங்குவதை ஆச்சி கண்டா. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் விடிய, திருவெம்பாவைப் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தன் வெள்ளைச் சேலைத் துண்டு இரண்டைத் தந்து, “இதையும் வை, மழைக்குத் துணி காயாது” என்றா. பிள்ளையின் முதற்சுற்றுக்கு அதைத்தான் எடுப்பது என்று மகள் ஆஸ்பத்திரிப் பையில் மேலாக வைத்திருக்கிறாள்.

வாடைக்காலம், கடல் கொந்தளிக்கிறது. வள்ளங்கள் மேட்டில் ஏறிக் கிடக்கின்றன, கையில் காசும் குறைவு. இந்த நத்தாருக்குப் பலகாரம் பயத்தம் பணியாரத்தோடு சரி. எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு பேர் மாசமாக இருக்கிறார்கள். இரவுச் செபத்தில் அவர்களையும் பெயர் சொல்லித்தான் வேண்டுகிறோம். ஒருத்திக்கு நத்தார்க் கிழமையிலேயே தேதி. மழை இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக நாங்கள் சொல்லிவைத்த ஓட்டோக்காரத் தம்பியிடமே அவளுக்கும் சொல்லியிருக்கிறோம். தொலைபேசியைத் தலைமாட்டிலேயே வைத்துப் படுக்கிறேன் என்றான்.