எது அந்த பிளசர்?

ரயில் கொடைரோடு ஸ்டேஷனுக்கு வந்து நிற்பதற்குள் அப்பா பானெட்டை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுக்கொள்வார். கொடைக்கானல் சவாரிக்கு அவர் ஓட்டியது 1951 மாடல் டாட்ஜ் கிங்ஸ்வே. பிளைமவுத் உடம்புக்கே டாட்ஜ் என்று பேர் போட்டு கிறைஸ்லர் கம்பெனி வெளிநாடுகளில் விற்ற வண்டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பூட்டியது. எங்கள் பக்கத்தில் இந்தப் பேர் எதுவும் கிடையாது. பிளசர்தான்.

வத்தலகுண்டு தாண்டி மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். ஓரங்கட்டி, மூடிமேல் ஈரச்சாக்கைப் போட்டு, ஆவி அடங்கியபின் மெல்லத் திருகுவார். நான் குடத்தோடு நிற்பேன். “அவசரப்படாதப்பா, மூச்சு வாங்குது” என்பார். மனுஷரைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏற, ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கி பெர்க்கின்ஸ் டீசலை ஏற்றினோம். ஆறு வோல்ட் பேட்டரி போய்ப் பன்னிரண்டு வந்தது. துருவேறிய தரைத் தகட்டை வெட்டிப் புதுசு வைத்துப் பற்றவைத்தார்கள். அப்பா காலமானபின் வண்டியும் கைமாறியது. போன ஆயுதபூஜையன்று சிறுமலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அதைப் பார்த்தேன். தோட்டக்காரர் எங்கிருந்தோ பெட்ரோல் எஞ்சின் தேடிப்பிடித்து மாட்டி, குரோம் பளபளக்க நிறுத்தியிருந்தார். நெஞ்சை அடைத்தது. இது அப்பா ஓட்டியதுதானா?

மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் இதையேதான் கேட்டார். தேரில் வந்தாயே, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எல்லாம் கூடியபோது நாம் இடும் பேர்தான் தேர். மனிதனும் அப்படியே என்பது பௌத்தம். அதை மறுக்க எனக்குத் தெம்பில்லை. அப்பாவையும் வெறும் பேர் என்று விட மனசும் இல்லை.

எங்கள் ஊர்க் கோயில் திருப்பணியின்போது பாலாலயம் செய்தார்கள். சாமியைக் கும்பத்தில் இறக்கி, அத்திப் பலகைச் சித்திரத்தில் எழுந்தருளப் பண்ணினார்கள். சுதை, வர்ணம், தளவரிசைக் கல் எல்லாம் மாறியது. பலகைக்கு முன்னால் ஒருவேளைப் பூசைகூட நிற்கவில்லை. குடமுழுக்கன்று எவரும் இதை வேறு கோயில் என்று சொல்லவில்லை. அந்தப் பூசை, அதைச் செய்த கைகள், அவைதான் கோயிலைக் கோயிலாகவே வைத்திருந்தன என்று நம்புகிறேன்.

தோட்டக்காரர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். டேஷ்போர்டில் அப்பா முருகன் படம் மாட்டிய இரண்டு திருகாணித் துளைகள். சுற்றிலும் புதுப் பெயின்ட்; துளைகள் மட்டும் திறந்தபடி.

“இதை அடைக்கலையா தம்பி?”

“யாரோ சாமி வச்ச எடம்ணே. அடைக்க மனசு வரல.”

துளைகளுக்கு நடுவில் சந்தனம் வைத்தேன்.