மீண்டும் மீண்டும் கேட்கப்படும் தோடி

ஒரு கலைஞர் என்றோ ஒரு நாள் வாசித்துப் பதிவாகிவிட்ட இசையை, அவர் மறைந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னும், அதன் ஒவ்வொரு வளைவும் முன்கூட்டியே தெரிந்திருந்தும், ஒருவர் ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டு நெகிழ்வது எதனால் என்னும் கேள்வி, இசையைப் பற்றியதாகத் தொடங்கினாலும், மனிதர் தமக்குப் பிரியமானவற்றை எவ்வாறு போற்றி வாழ்வது என்னும் பெரிய கேள்வியில் போய் நிற்கிறது. தமிழ் இரசிகர்களிடையே இக்கேள்வியை எழுப்பத் தகுந்த பதிவுகளில் முதன்மையானது, நாகசுரச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்ட திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனை. ராஜரத்தினம் என்றால் தோடி, தோடி என்றால் ராஜரத்தினம் என்று சொல்லும் வழக்கம், அவரை நேரில் கேட்டிராத தலைமுறைகளிடமும் நிலைத்திருப்பதற்கு அப்பதிவுகளே பெருங்காரணம்.

அவர் பிறந்த நிலத்திலிருந்தே தொடங்கலாம். காரைக்கால் பகுதியின் தென்புறத்தில், திருமலைராஜனாறு கடலோடு சேரும் இடத்தை ஒட்டி, திருமலைராயன்பட்டினத்தைச் சேர்ந்த மீனவர் ஊராக அமைந்திருப்பது பட்டினச்சேரி. அங்கிருந்து மேற்கே சில கல் தொலைவில் உள்ள திருமருகலில்தான் 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் ராஜரத்தினம் பிள்ளை பிறந்தார். தாய்மாமன் நடேச பிள்ளையின் அரவணைப்பில் வளர்ந்து, இளமையில் வாய்ப்பாட்டுப் பயிற்சியும் பெற்று, பின்னர் நாகசுரத்தைக் கைக்கொண்ட அவர், பாடகர் ஒருவரின் கற்பனையைக் குழலின் வழியே வெளிப்படுத்தியவராக அறியப்பட்டார். 1940ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ திரைப்படத்தில் காளமேகப் புலவராக நடித்தவரும் அவரே. திருமலைராயன்பட்டினத்தை ஆண்ட மன்னன் திருமலைராயனின் அவைக்குச் சென்று பிற புலவரோடு மோதி, இறுதியில் அவ்வூரின் மேல் மண்மாரி பொழியுமாறு வசை பாடியதாகக் கதை வழங்கும் அப்புலவரின் வேடத்தை, அதே மண்ணுக்கு அண்டையில் பிறந்த இசைக்கலைஞர் ஏற்றது பொருத்தமான நிகழ்வு. காளமேகத்தின் தனிப்பாடல்கள் மக்கள் நாவின் வழியாகவும் ஏடுகளின் வழியாகவும் நிலைத்தன. ஆனால் ஓர் ஆலாபனையைச் சொல்லி வைக்கவோ எழுதி வைக்கவோ வழியில்லை என்பதால், ஒலிப்பதிவு வரும் வரை ஒரு நாகசுரக்காரரின் வாசிப்பு அவரைக் கேட்டவர்களின் வாழ்நாளோடு முடிந்துபோனது.

இவ்விழப்பு எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள, ஆலாபனை என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சாகித்தியம் என்னும் பாடல் வரியோ தாளமோ இன்றி, ஒரு ராகத்தின் உருவத்தைச் சுரங்களின் சேர்க்கையால் சிறிது சிறிதாக விரித்துக்காட்டுவதே ஆலாபனை. அது முன்கூட்டி எழுதப்படாமல், வாசிக்கும் அந்நேரத்திலேயே கலைஞரின் மனத்தில் உருவாவதால் மனோதர்ம இசை என்று வழங்கப்படுகிறது. தோடி, எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களின் வரிசையில் எட்டாவதாக அனுமத்தோடி என்னும் பெயரில் வைக்கப்பட்டிருக்கும் ராகம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அசைந்துகொண்டே தன்னை உணர்த்துவது. இவ்வாறு சுரத்தை அசைத்து உயிரூட்டுவதற்குக் கமகம் என்று பெயர். நாகசுரத்தில் இக்கமகம் விரலால் மட்டும் பிறப்பதன்று. துளைகளை விரல் பாதி மூடுவதும், சீவாளி என்னும் நாணல் ஊதுவாயை உதடு அழுத்துவதும், மூச்சின் வலிமை கூடிக் குறைவதும் ஒன்றாக இணையும்போதுதான் தோடியின் காந்தாரம் கிடைக்கிறது. ஆச்சா மரத்தில் கடையப்படும் அக்கருவியை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவண்ணத்தோடு நீளமும் தாழ்ந்த சுருதியும் உடைய பாரி நாயனமாக மாற்றிக்கொண்ட ராஜரத்தினம் பிள்ளை, உச்சக் குரலில் ஒலித்த பழைய திமிரி நாயனத்தில் எளிதில் வாராத கனத்தையும் குழைவையும் அதிலிருந்து வெளிக்கொணர்ந்தார்.

கோயில் வீதிகளில் இரவு நெடுக ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தவர் என்று புகழப்பட்ட அக்கலைஞரை, நிமிடத்துக்கு 78 முறை சுழன்று ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும் அக்கால இசைத்தட்டு ஒரு சிறிய கூட்டுக்குள் அடக்கியது. ஆயினும் அக்குறுக்கத்தால் ராகத்தின் சாரம் செறிவு பெற்றது என்றே சொல்ல வேண்டும்: நீண்ட மூச்சில் நிறுத்தப்படும் ஒரு சுரம், அதிலிருந்து மின்னலென இறங்கும் பிருகா என்னும் விரைவுச் சுரக்கோவை, மீண்டும் அசைவற்ற ஓர் இளைப்பாறல் ஆகியவை அடுத்தடுத்து வரும்போது, வெளியே ஓடும் நேரத்தைக் கேட்பவர் மறந்து, ராகத்துக்கு உள்ளே இயங்கும் நேரத்துக்குள் இழுக்கப்படுகிறார். தட்டு கீறலுற்று இரைந்தாலும் அந்த இழுப்பு குறைவதில்லை; பழகிய இரசிகருக்கு அவ்விரைச்சலும் அத்தோடியின் சூழலாகவே ஆகிவிடுகிறது.

மேலை நாட்டுச் செவ்வியல் இசையிலும் இத்தகைய பற்று உண்டு. தனி இசைக்கருவி ஒன்றும் பெரிய வாத்தியக் குழுவும் எதிரும் புதிருமாகவும் இணைந்தும் இசைக்கும்படி இயற்றப்படும் நெடும்படைப்புக்குக் கன்செர்ட்டோ என்று பெயர்; ருஷ்ய நாட்டு இசைமேதை ராக்மனினாவ் தம் முதல் சிம்பொனி 1897இல் தோல்வியுற்றதால் சில ஆண்டுகள் எழுத முடியாமல் முடங்கிக் கிடந்து, பின்னர் மீண்டெழுந்து இயற்றிய இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ, அவ்வகைப் படைப்புகளில் மிகுதியாக நேசிக்கப்படுவது. 1929ஆம் ஆண்டில் ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய பிலடெல்பியா வாத்தியக் குழுவோடு அவரே வாசித்துப் பதிவு செய்த தட்டுகள் இன்றும் தேடிக் கேட்கப்படுகின்றன; பின்வந்த பலர் உருக்கமாக நீட்டி வாசிக்கும் இடங்களை அவர் விரைவாகவும் அடக்கமாகவும் கடந்து செல்வதே அப்பதிவின் மேல் பலருக்குள்ள மதிப்பின் காரணம். ஆனால் இரண்டு பற்றுகளுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. கன்செர்ட்டோவுக்கு எழுதப்பட்ட மூலம் உண்டு. ராக்மனினாவின் தட்டு அழிந்திருந்தாலும் படைப்பு அழிந்திராது, வேறொருவர் அதை நாளையும் வாசிப்பார். ராஜரத்தினத்தின் தோடிக்கோ அப்பதிவைத் தவிர வேறு மூலம் இல்லை. அவரே மறுநாள் அமர்ந்து வாசித்திருந்தாலும் வேறொரு தோடியே பிறந்திருக்கும். ஆகவே மீண்டும் நிகழக்கூடாது என்பதையே இலக்கணமாகக் கொண்ட ஒரு கலையை, மீண்டும் மீண்டும் நிகழச் செய்யும் பொருளாக இசைத்தட்டு மாற்றிவிட்டது.

இம்மாற்றத்தில் ஆறுதலும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஆறுதலின் ஆழத்தைக் கடற்கரை வாழ்வை அறிந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கரையோர ஊர்களில் புகுந்து சென்றபோது, போனவை எவையும் போன வடிவில் திரும்பி வாரா என்னும் உண்மை, அறிவுரையாக இன்றி வாழ்வாகவே அங்கே உணரப்பட்டது. மனித வாழ்வில் ஒரு குரலோ ஒரு மாலைப்பொழுதோ இரண்டாம் முறை வருவதில்லை என்னும் நிலையில், சென்றுபோன ஒரு பொழுதின் மூச்சையே, ஏற்ற இறக்கம் சிறிதும் மாறாமல், வேண்டும்போதெல்லாம் திரும்பப் பெற முடிவது எத்தகைய கொடை என்பதை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. பதிவு மாறாமல் நிற்பதால், கேட்பவர் தம்முடைய மாற்றத்தையும் அதில் அளந்துகொள்கிறார்: இருபது வயதில் பிருகாவின் வேகத்தைக் கண்டு வியந்தவர், அறுபது வயதில் அந்த வேகத்துக்கு முன்னும் பின்னும் வரும் நீண்ட கார்வைகளில், அதாவது அசையாது நீட்டி நிறுத்தப்படும் சுரங்களில், மனம் தோய்ந்து நிற்கிறார். தட்டில் உள்ளது அதே ஒலிதான்; அதைக் கேட்கும் வாழ்வு வளர்ந்திருக்கிறது.

ஆபத்து, இதே மாறாமையில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு பதிவை முழுமையாக மனப்பாடம் செய்துவிட்ட செவி, புதிதாக வாசிக்கும் ஒவ்வொருவரையும் அதன் அருகில் நிறுத்தி, அங்கே இருந்தது இங்கே இல்லை என்று குறை காணப் பழகிவிடுகிறது. மறைந்தவரின் சிறந்த சில நிமிடங்களையும் வாழ்பவரின் சாதாரண மாலை ஒன்றையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது. மேலும், திறந்த வெளியில் நெடுநேரம் வாசிப்பவரிடம் பதிவின் செறிவை எதிர்பார்ப்பது, அக்கலையின் இயல்பையே மறுப்பதாகும். அதைவிடப் பெரிய பிழை, ராஜரத்தினத்தைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு, அவர் எதற்காக வாழ்ந்தாரோ அந்தச் சுதந்திரத்துக்கு எதிராகவே அவரை நிறுத்துவது. கருவியின் நீளத்தையே மாற்றியமைத்த ஒருவரின் பெயரால் மாற்றத்தைத் தடுப்பது, அன்பின் வடிவில் வரும் அநீதி.

இந்த ஆபத்தில் சிக்காமல் போற்றுவது எப்படி? அப்பதிவுகளையும் அவ்வாசிப்பையும் மிகுந்த அன்போடு கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விடை தெளிவாகும். ராஜரத்தினத்திடமே பயின்ற காருகுறிச்சி அருணாசலம், ஆசிரியரின் பாணியிலிருந்து தமக்கே உரிய குழைவான நடையொன்றை வளர்த்தெடுத்து, 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தின் வழியாகத் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் நாகசுரத்தைக் கொண்டு சேர்த்தார். ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் விரைவுமிக்க வாய்ப்பாட்டில் ராஜரத்தினத்தின் நாகசுரத் தாக்கம் உண்டு என்பது இசையுலகில் பரவலான கருத்து. ஆயினும் அக்குரலைக் கேட்பவர் எவரும் அதை நகல் என்று சொல்ல மாட்டார். இவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இன்ன சுரத்துக்குப் பின் இன்ன சுரம் என்னும் வரிசையை விட, ஒரு ராகத்துக்குள் அஞ்சாமல் நுழைந்து தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் துணிவையே. கலைஞருக்கு இவ்வாறு அமைவது, கேட்பவருக்கும் அமைய முடியும்: பதிவு கற்றுத்தந்த கவனத்தை, பதிவுக்கு வெளியே உள்ள இசையின் மீது செலுத்துவதே அதன் வழி.

அதற்கான வாய்ப்பு ஆண்டுதோறும் பட்டினச்சேரியின் கரைக்கே வருகிறது. திருமருகலுக்கு அருகிலுள்ள திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் மாசிமகத்தன்று தீர்த்தவாரிக்காக, அதாவது கடல் நீராட்டுக்காக, திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். பெருமாள் தங்கள் குலத்துப் பெண்ணை மணந்தார் என்னும் நம்பிக்கையால், மீனவ மக்கள் அவரை மாப்பிள்ளை என்று உரிமையோடு அழைத்து வரவேற்கிறார்கள். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்காலிலிருந்து பிரெஞ்சு ஆட்சி விலகும் வரை, இப்பயணம் ஓர் ஆட்சியின் நிலத்திலிருந்து மற்றோர் ஆட்சியின் நிலத்துக்குள் நுழைந்த பயணமாகவே இருந்தது. ஆனால் இருபுறத்து மக்களின் வழிபாடும் அதனோடு பிணைந்த மேள இசையும் ஒரே உலகைச் சேர்ந்தவை. கோயில் உலாவின் புறப்பாட்டுக்கென்றே உரிய மல்லாரி முதல் இரவு ராகங்கள் வரை வாசிக்கும் நாகசுர, தவில் கலைஞர்கள், ராஜரத்தினம் பிள்ளை உருவான அதே மரபின் இன்றைய தலைமுறையினர். ஒலிபெருக்கியும் வாணவேடிக்கையும் கூட்டத்தின் ஆரவாரமும் சூழ்ந்த ஊர்வலங்களில் அவர்களுடைய வாசிப்பு பெரும்பாலும் பின்னணி ஒலியாகவே கடந்து போகிறது. பழைய தோடியின் ஒவ்வொரு அசைவையும் அறிந்த இரசிகர்கள் அங்கே நின்று கேட்பார்களானால், வாசிப்பவரின் காந்தாரத்தில் நேற்றில்லாத ஓர் அசைவு பிறக்கும் கணத்தை அடையாளம் கண்டு தலையசைக்கக்கூடியவர்கள் அவர்களே. அத்தகைய தலையசைப்பு கிடைக்கும் இடத்தில்தான் மனோதர்மம் துணிவு பெறுகிறது.

ராஜரத்தினம் பிள்ளை 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மறைந்தார். அவர் தோடியைத் தோடியாக ஆக்கியதில் அவருடைய மேதைமைக்கு உள்ள பங்கைப் போலவே, விடிய விடிய நின்று கேட்டு, நுட்பம் விளங்கி மகிழ்ந்த தஞ்சை மண்ணின் இரசிகர்களுக்கும் பங்கு உண்டு. பதிவை நேசிப்பவர் கலைஞருக்குப் பட்ட கடனை உணர்ந்தவராக இருக்கலாம். அந்த முதல் இரசிகர்களுக்குப் பட்ட கடனையும் அவர் உணர வேண்டும், ஏனெனில் அவர்கள் ஒரு பழைய தட்டோடு ஒப்பிட்டு ராஜரத்தினத்தைத் தள்ளியிருந்தால், இன்று திரும்பத் திரும்பக் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. ஆகவே ஒரு பதிவின் மீதான பற்று, கேட்பவரைக் கடந்த காலத்தின் காவலராக மட்டும் நிறுத்திவிடாமல், தம் காலத்துக் கலைஞருக்கு முன்னால் பொறுமையும் நுண்மையும் உள்ள செவியோடு அமரச் செய்யும்போதே முழுமை அடைகிறது. மறைந்த ஒருவரின் இசையைக் கேட்டுப் பெற்ற கூர்மையை, வாழும் ஒருவரின் இசைக்குக் கொடுப்பதே அந்தப் பற்றுக்கு அழகு.