அடைகாப்பது யார்?

எதிர்வீட்டுப் பையன் படிப்பது வணிகம். பொழுது போவதெல்லாம் மின்சாரக் கம்பிகளோடு. சென்ற மாதம் ஒரு தெர்மோகோல் பெட்டியில் 40 வாட் பல்பும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தி, 12 கோழிமுட்டைகளை வைத்தான். உள்ளே 37.5 டிகிரி சூடு இருக்க வேண்டும். குறைந்தால் பல்பு தானே எரியும். ஏறினால் தானே அணையும்.

"தாய்க்கோழியே வேண்டாம், மாமா!" என்றான்.

பதினெட்டாம் நாள் இரவு, சூட்டை அளக்கும் கம்பி நழுவிப் பெட்டிக்கு வெளியே விழுந்துவிட்டது. குளிர்ந்த தரையில் கிடந்த அந்தக் கம்பியின் பேச்சை நம்பி, தெர்மோஸ்டாட் விடிய விடிய விளக்கை எரித்தது. மூன்று நாளில் பொரிக்க வேண்டிய உயிர்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கருவி தவறு செய்யவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. இட்ட கடமையைக் கடைசிவரை செய்தது. முட்டை அதற்குப் பொருட்டல்ல. கம்பியின் நுனிதான் அதற்கு உலகம்.

இயற்கையிலும் இப்படி உண்டா என்று யோசித்தபோது, ஆஸ்திரேலியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் மாலிக்கோழி நினைவுக்கு வந்தது. அதுவும் முட்டைமேல் உட்காருவதில்லை. இலைச்சருகின்மேல் மணலைக் குவித்து, அந்த மேட்டுக்குள் முட்டைகளைப் புதைக்கிறது. முதலில் சருகு மக்கும் சூடு; பிறகு வெயிலின் சூடு. ஆண்பறவை மாதக்கணக்கில் காவல் இருந்து, அலகை மணலில் செருகிச் சூடு பார்த்து, மேட்டைத் திறந்தும் மூடியும் சுமார் 33 டிகிரியில் நிறுத்துகிறது. 1950களில் ஃப்ரித் என்ற விஞ்ஞானி மேட்டுக்குள் மின்சாரக் கம்பிகளைப் புதைத்து இஷ்டம்போல் சூடேற்றிப் பார்த்தார். பறவை சளைக்காமல் மணலை வாரி இறைத்து ஈடுகொடுத்தது.

'இதுவல்லவா அக்கறை!' என்று எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. பொரித்த குஞ்சு தானே மணலைக் கிளறி வெளியே வந்து, புதருக்குள் ஓடிவிடுகிறது. தகப்பன் அதைச் சட்டை செய்வதில்லை. அப்படியானால் அந்த அலகும் ஒரு கம்பியின் நுனிதானா?

பெட்டிக்கு 37.5 என்று சொன்னவன் பையன். பறவைக்கு யார் சொன்னார்கள்? கணக்குத் தப்பிய தகப்பன்களின் வம்சம் அற்றுப்போயிற்று. தப்பாதவர்களின் வம்சம் தங்கிற்று. எண்ணற்ற சாவுகள் சேர்ந்து எழுதிய எண் அது. அதை அன்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வெறும் யந்திரம் என்று தள்ளவும் மனம் வரவில்லை.

பையன் அன்று முழுவதும் சாப்பிடவில்லை என்று அவன் தாயார் சொன்னாள். இப்போது மறுபடி முட்டை வைத்திருக்கிறான். கம்பியை அழுத்தமாக ஒட்டியும் இருக்கிறான். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு அவன் அறையில் விளக்கு எரிகிறது.

"கருவி சரியாகத்தானே வேலை செய்கிறது?" என்று கேட்டேன்.

"செய்கிறது மாமா. கையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது."