கேளாதவரைத் தேடிச் செல்வோம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மீன்பிடித் தொழிலை நம்பிய குடும்பங்கள் பல. கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணத்துக்கு வழியில்லாத பிள்ளை, பள்ளிவாசலில் எழுந்து நின்று கேட்டால்தான் நாம் உதவுவோமா?

அன்பர்களே! வற்புறுத்திக் கேளாத ஏழைகளைத் திருக்குர்ஆன் (2:273) நினைவூட்டுகிறது. அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணுவர். ஆகவே, தேடிச் செல்லும் பொறுப்பு நம்முடையது.

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் (9:60) முதலில் வருவோர் ஏழைகளே. வறிய மாணவரும் அவர்களில் ஒருவர்தாம். கொடுப்பவரின் நிய்யத் போதும். "இது ஜகாத்" என்று சொல்லிக் கொடுப்பது கட்டாயமில்லை. மேடையேற்றிப் படம் பிடித்துக் கொடுத்தால் கட்டணம் தீரும், மானம் போகும்.

பரீட்சை முடிவு வந்ததும் ஜமாஅத்தார் வீடு தேடிச் செல்லட்டும். கல்வியையும் கண்ணியத்தையும் சேர்த்தே காக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.