அச்சமும் அபயமும்



நாகத்தைக் கண்டு விலகுதல் அறிவுடைமை. அதனை நாம் குறை கூறோம். ஆனால் சிலர்க்குப் பல்லியோ, ஊசிமுனையோ, மூடிய அறையோ, மக்கள் கூட்டமோ எதிர்ப்பட்ட அளவில் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உயிரே போவதுபோல் தோன்றும். ஆபத்து இல்லையென்று அறிவு சொல்லினும் உடல் கேளாது. இதனை மருத்துவர் போபியா என்பர். நம்மவரோ கோழைத்தனம் என்று நகைப்பர். அன்றேல் பேய்க்கோளாறு என்று மந்திரிக்கச் செல்வர். இரண்டும் தம்மத்திற்கு ஒவ்வாதவை. காரணத்தால் தோன்றியது காரணம் நீங்க நீங்கும் என்பதன்றோ ததாகதரின் போதனை?

இவ்வச்சத்தை வளர்க்கும் காரணம் யாது? ஓடி விலகுதலே. கொல்கத்தாவில் 1984 முதல் நிலத்தடி ரயில் ஓடுகிறது. 2024 முதல் ஹூக்ளி ஆற்றின் அடியிலும் செல்கிறது. மூடிய இடத்திற்கு அஞ்சும் ஒருவர் அதில் ஏறாது திரும்பினால் அக்கணமே நிம்மதி பெறுகிறார். அந்நிம்மதியே வலை. தப்பியதால் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது; மறுமுறை அச்சம் இரட்டிக்கிறது.

மஜ்ஜிம நிகாயத்துப் பயபேரவ சூத்திரத்தில், பகவான் தாம் போதி பெறுமுன் கானகத்தில் தனித்திருந்த இரவுகளைப் பற்றி உரைக்கின்றார். சருகு அசையும், மயில் சுள்ளியைத் தள்ளும், திகில் எழும். நடக்கையில் திகில் எழுந்தால், அது அடங்குமட்டும் நடந்தார். அமர்ந்திருக்கையில் எழுந்தால், அமர்ந்தவாறே அதனை அடக்கினார். ஓடவில்லை.

எல்லோர்க்கும் அது தனியே கைகூடுமோ? கூடாதென்பதைப் பகவான் அறிவார். வனத்தில் அஞ்சித் திரும்பிய பிக்குகளை அவர் இகழவில்லை. மேத்த சூத்திரத்தைத் துணையாகக் கொடுத்து அதே வனத்திற்கு அனுப்பினார் என்று உரைநூல் கூறும். துணையும் வேண்டும், திரும்பிச் செல்லலும் வேண்டும்.

இக்கால உளநூலும் இவ்விரண்டையுமே சொல்லுகிறது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய சிறுவன் விருப்பமான உணவை உண்ணுகையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து, அவன் அச்சத்தை நீக்கினார். ரயிலுக்கு அஞ்சுபவரும் அவ்வாறே ஒருநாள் துணையோடு நிலையப் படிக்கட்டில் நிற்கலாம், பின்னர் நடைமேடை, பின்னர் ஒரே ஒரு நிலையம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு தணியுமட்டும் நிற்றல் வேண்டும். பயிற்சி பெற்ற உளநலத்தார் வழிகாட்டினால் பெரும்பாலோர் பயன் பெறுவர்.

இத்தகைய உதவியை நாடுவது இழிவன்று. அநகாரிக தர்மபாலரின் மகாபோதி சங்கம் வேரூன்றிய கல்கத்தாவிலேயே, 1922-இல் டாக்டர் கிரீந்திரசேகர போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் 1940-இல் மனநோயாளர்க்கு ஒரு மருத்துவமனை கண்டது. அதன் பெயர் லும்பினி பார்க்! பகவான் பிறந்த வனத்தின் பெயர், துயருறும் மனங்களின் புகலிடத்திற்கு வாய்த்தது. போபியா உடையார் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டுவதில்லை. வெளிநோயாளர் பிரிவே போதும். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்; வங்கத்திலுள்ள தமிழர் தமிழிலேயே பேசலாம்.

உடனிருப்போர்க்கும் கடமை உண்டு. அஞ்சுபவரை ஏளனஞ் செய்யாதீர், திடுமெனத் தள்ளாதீர். அவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் நீங்களே செய்து, அச்சத்திற்கு வேலி கட்டவும் வேண்டாம். அவர் ஒரு படி ஏறுகையில் பக்கத்தில் நில்லுங்கள். பொன்னும் பொருளும் இல்லாதவரும் இவ்வாறு அளிக்கத்தக்க தானம் ஒன்றுண்டு, அதுவே அபயதானம். சங்கம் சரணம் என்று நாடோறும் ஓதும் நாம், அஞ்சும் ஒருவருக்கு அச்சரணமாக நிற்போமாக.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க! சாது! சாது! சாது!