யாருக்காக அந்தச் சாட்சி?

 

ஆலோசனை கேட்டு, ஜெபிக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நம்முடைய சொந்தக் கதையைச் சொல்லலாமா? “சொன்னால் மரியாதை போயிடும்” என்கிறார்கள் சிலர். “சாட்சிதானே நம்ம பலம்” என்கிறார்கள் வேறு சிலர்.

சகோ. டி.ஜி.எஸ். தினகரன் 1955-ல் வேலை கிடைக்காத விரக்தியில் ரயில் தண்டவாளத்தில் உயிரை விடப் போனவர். பெரிய ஊழியரான பிறகும் அதை மறைக்கவில்லை, மேடைகளில் சொன்னார். நொந்துபோனவனுக்கு அந்தச் சாட்சி ஒரு கதவு.

ஆனால் மேடை வேறு, ஆலோசனை வேறு. நம் திருப்புட்குழிப் பக்கத்து நெசவாளி வீட்டுச் சகோதரி ஒருத்தி வருகிறாள் என்று வையுங்கள். கணவன் குடிக்கிறான், தறி ஓடவில்லை, முன்பணக் கடன் நிற்கிறது. அவள் இரண்டு வார்த்தை சொல்வதற்குள், “எனக்கும் அப்படித்தாம்மா” என்று நாம் அரைமணி நேரம் பேசினால், கடைசியில் அவள்தான் நமக்கு ஆறுதல் சொல்லவேண்டும்! அதிலும், “நான் ஜெபிச்சேன், மூணே நாள்ல அவர் மாறிட்டார்” என்றால், மூன்று வருஷமாய் ஜெபிக்கிறவள் என்ன நினைப்பாள்? தன் விசுவாசத்தில்தான் குறை என்று நொறுங்கிப் போவாள். நாம் சொன்னது உண்மைதான். ஆனாலும் அது அவளைக் காயப்படுத்திவிட்டது.

சமாரியாவின் கிணற்றருகே நம் ஆண்டவரைப் பாருங்கள் (யோவான் 4). தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு, தம் தேவையைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார். ஆனால் பேச்சு அவருடைய தாகத்தில் நிற்கவில்லை. அந்த ஸ்திரீயின் வாழ்க்கைக்குப் போயிற்று. யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள்.

கோர்வைச் சேலை நெய்யும்போது பக்கத்தில் இருக்கும் உதவியாள் கரைக்கு மட்டும் நாடா போடுவார். உடலை நெய்கிறவர் நெசவாளியே. நம் சாட்சியும் அந்தக் கரையளவே போதும் என்பது என் எண்ணம்.

ஆகவே வாய் திறக்குமுன், “இது அவளுக்காகவா, எனக்காகவா?” என்று நம்மை நாமே கேட்போம். ஆறாத புண்ணானால் அதைக் கர்த்தருடைய சமுகத்தில் ஊற்றுவோம். ஆறின தழும்பானால் சுருக்கமாய்க் காட்டி, “நீ சொல்லும்மா” என்று பேச்சை அவளிடமே திருப்பிக் கொடுப்போம். அதுவும் ஊழியமே. ஆமென்!